2,250 கிராம்

எங்கள் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் தகரம் இருக்கிறது. காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், பிள்ளைகளின் தடுப்பூசிக் குறிப்புகள் எல்லாம் அதற்குள்தான். சென்ற மாதம் என் கணவருக்கு நீரிழிவு என்று உறுதியாகி, புதிதாகக் கொடுத்த கிளினிக் கொப்பியை உள்ளே வைக்கத் தகரத்தைத் திறந்தபோது, மேலாகக் கிடந்தது இளைய மகளின் இளஞ்சிவப்பு அட்டைப் பதிவேடு. முதற்பக்கத்தில் நீல மையால் எழுதப்பட்ட பிறப்பு நிறை இன்னும் மங்கவில்லை: 2,250 கிராம். பத்து ஆண்டுகளாக அந்த எண்ணை என் குற்றப்பத்திரிகையாகவே நான் வாசித்து வந்திருக்கிறேன். தகப்பனின் கொப்பியை மகளின் பதிவேட்டின்மேல் வைத்த அந்தக் கணத்தில்தான், இரண்டும் ஒரே செய்தியின் இரண்டு பக்கங்களாக இருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது. உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கும் எனக்கு அது இவ்வளவு காலம் தோன்றாமல் போனதை நினைத்து வருந்தினேன். அதன்பின் நான் படித்தறிந்தவற்றையும் எண்ணியவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

2,500 கிராமுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தையை உலக சுகாதார நிறுவனம் குறைந்த பிறப்பு நிறையுள்ள குழந்தை என்று வகுக்கிறது. இலங்கையில் ஏறத்தாழ ஆறு அல்லது ஏழு குழந்தைகளுக்கு ஒன்று அந்தக் கோட்டுக்குக் கீழேதான் பிறக்கிறது. ஆகவே என் மகளின் எண் அபூர்வமானதன்று. ஆனால் பிரசவ விடுதியில் அதை யாரும் அப்படிச் சொல்லவில்லை. நிறையை வாசித்த தாதி, “ஒழுங்காச் சாப்பிடல்லையா?” என்று கேட்டார். களுவாஞ்சிகுடிக்கு வீடு திரும்பிய பின்னர் சரக்குக்கறியோடு வந்தவர்கள் எல்லோரும் அதே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்டார்கள். திருக்கோவிலிலிருந்து வந்த மாமி, என் கணவரின் தாய், பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம் எண்டு ஓடித் திரிஞ்சா புள்ளைக்கு எப்படி மகள் சதை பிடிக்கும்?” என்றார். அவர் அன்போடு சொன்னதுதான். எனினும் அந்தச் சொல் என்னுள் தங்கிவிட்டது.

அப்போது நான் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. மூத்த மகன் 3,100 கிராமில் பிறந்தான். அவனைச் சுமந்தபோதும் நான் அதே பள்ளிக்குத்தான் ஓடினேன். அதே சோறும் மீனும் கீரையும்தான் உண்டேன். குடும்பநல உத்தியோகத்தர் கொடுத்த திரிபோஷா சத்துமாவையும் இரும்புச்சத்து வில்லைகளையும் இரண்டு முறையும் ஒரே ஒழுங்கில்தான் எடுத்தேன். வழக்கமாக முதற்பிள்ளையைவிட அடுத்த பிள்ளை சற்று நிறை கூடியே பிறக்கும். எங்கள் வீட்டிலோ அது தலைகீழாயிற்று. ஒரே தாய், ஒரே கருப்பை, ஏறத்தாழ ஒரே உணவு. அப்படியானால் வேறுபட்டது எது?

பிறப்பு நிறையையும் பிற்கால இதயநோயையும் முதலில் உரத்துத் தொடர்புபடுத்தியவர் இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனில் பணியாற்றிய டேவிட் பார்க்கர். அவரது கையில் கிடைத்த ஆதாரம் எங்கள் ஊர்த் தாய்மாருக்கு மிகவும் பரிச்சயமான ஒன்று: வீடு வீடாகச் சென்ற பெண்கள் எழுதிவைத்த பதிவேடு. ஹார்ட்ஃபர்ட்ஷயர் மாவட்டத்தில் 1911 முதல், எதெல் மார்கரெட் பேர்ன்சைட் என்ற அம்மையாரின் மேற்பார்வையில், ஒவ்வொரு குழந்தையின் பிறப்பு நிறையும் ஒரு வயது நிறையும் பேரேடுகளில் பதியப்பட்டன. களுத்துறையில் 1926இல் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்து, இன்று எங்கள் ஒழுங்கைக்கும் வந்துசேரும் குடும்பநல உத்தியோகத்தரின் பணி அதே வகையானது. பார்க்கரும் அவரது குழுவினரும் அந்தப் பேரேடுகளிலிருந்து 1930 வரை பிறந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைத் தேடிக் கண்டறிந்து, அவர்களில் யார் எதனால் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். பிறப்பிலும் ஒரு வயதிலும் நிறை மிகக் குறைந்திருந்தவர்களிடையே இதயநோயால் இறந்தோரின் வீதம் மிகக் கூடுதலாக இருந்தது. 1989இல் அந்த முடிவு வெளியாயிற்று. 1992இல் ஹேல்ஸ் என்ற உயிர்வேதியியலாளரோடு சேர்ந்து அதற்கு அவர் ஒரு விளக்கமும் தந்தார். கருவில் போதிய ஊட்டம் கிடைக்காத சிசு, உள்ளதை மூளைக்குக் கொடுத்துவிட்டு, இன்சுலினைச் சுரக்கும் சதையி (கணையம்) முதலிய உறுப்புகளில் சிக்கனம் பிடிக்கிறது என்பதும், பிறந்தபின் உணவு தாராளமாகக் கிடைக்கும்போது அந்தச் சிக்கனமே நீரிழிவாக மாறுகிறது என்பதும் அந்த விளக்கத்தின் சாரம்.

இது ஆழமான சிந்தனை. பல நாடுகளின் தாய்சேய் நலத் திட்டங்களுக்கு வலுவூட்டிய சிந்தனை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது ஆய்வுக்கூடத்திலிருந்து பிரசவ விடுதிக்கு வந்து சேரும்போது “தாய் சாப்பிடவில்லை” என்ற இரண்டு சொல் தீர்ப்பாகச் சுருங்கிவிடுகிறது. சிசு தன் பங்குக்கு எதைக் கொண்டுவந்தது, அதைக் கொடுத்தவர் யார் என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் இடமே இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் எக்ஸிற்றர் நகரத்து வைத்தியர் அன்ட்ரூ ஹாட்டர்ஸ்லி. அவரது வாதத்தை விளங்கிக்கொள்ள ஒரு சிறு உடலியல் போதும். தாயின் குருதியிலுள்ள குளுக்கோஸ் சூல்வித்தகத்தை (நஞ்சுக்கொடியை) கடந்து சிசுவிடம் போகிறது. தாயின் இன்சுலின் போவதில்லை. ஆகவே வந்த குளுக்கோசைப் பயன்படுத்தச் சிசு தன் சொந்தச் சதையியிலிருந்தே இன்சுலினைச் சுரக்க வேண்டும். வளர்ந்தவர்களுக்கு இன்சுலின் சீனியைக் கட்டுப்படுத்தும் ஓமோன் என்றே நாம் பழகியிருக்கிறோம். கருப்பைக்குள் அதுவே மிக முக்கியமான வளர்ச்சி ஓமோனும் ஆகும், குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில். இப்போது, இன்சுலினைச் சற்றுக் குறைவாகச் சுரக்கச் செய்யும் அல்லது அதன் செயலை மந்தமாக்கும் ஒரு பரம்பரையலகு (ஜீன்) வேறுபாட்டோடு ஒரு சிசு உருவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அது வயிற்றுக்குள் சிறிதாக வளரும். நாற்பது வயதில் அதற்கே நீரிழிவும் வரும். சிறிதாகப் பிறந்தது நீரிழிவைக் கொண்டுவரவில்லை; ஒரே வேரிலிருந்து இரண்டு கிளைகள் வெவ்வேறு காலத்தில் வெளிப்பட்டன.

1998இல் ஹாட்டர்ஸ்லியின் குழு வெளியிட்ட ஆய்வை வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது மாணவர்கள் பேனையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளுக்கோகைனேஸ் என்ற நொதியம் சதையியின் பீற்றா கலங்கள் குளுக்கோசின் அளவை உணர்வதற்கு உதவுகிறது. அதன் பரம்பரையலகில் ஒரு விகாரம், அதாவது ஒரு மாற்றம், இருந்தால், இன்சுலின் சுரக்கத் தொடங்குவதற்கு வழக்கத்தைவிடக் கூடிய சீனி தேவைப்படும். இந்த விகாரம் ஓடும் குடும்பங்களில் நான்கு நிலைகள் ஏற்படலாம். தாய்க்கும் சிசுவுக்கும் விகாரம் இல்லையென்றால் நிறை இயல்பாக இருக்கும். தாய்க்கு இல்லாமல் சிசு மட்டும் தந்தையிடமிருந்து பெற்றிருந்தால், அது வந்த குளுக்கோசுக்குப் போதிய இன்சுலின் சுரக்காமல் ஏறத்தாழ 500 கிராம் குறைந்து பிறக்கும். தாய்க்கு இருந்து சிசுவுக்கு இல்லையென்றால், தாயின் கூடிய சீனி முழுவதும் சிசுவிடம் வர, சிசுவின் சதையி அதற்கேற்ப இன்சுலினைக் கொட்ட, நிறை ஏறத்தாழ 600 கிராம் கூடும். இருவருக்கும் இருந்தால்? ஒன்றையொன்று ஈடுசெய்து குழந்தை ஏறத்தாழ இயல்பான நிறையிலேயே பிறக்கும். வெளியிலிருந்து பார்த்தால் முதலாவது குழந்தையும் நான்காவது குழந்தையும் ஒன்றுதான். உள்ளே நடந்ததோ முற்றிலும் வேறு. தராசு காட்டும் ஒரே எண்ணுக்குள் இரண்டு பேரின் பரம்பரையலகுகள் பேசிக்கொண்டிருக்கின்றன.

இரண்டாவது நிலையை மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது என் குரல் சற்றுத் தளும்பியது. தந்தையிடமிருந்து வந்தது, தாயின் உணவோடு தொடர்பற்றது, ஆனாலும் தாயின் பெயரிலேயே எழுதப்படுவது.

என் கணவருக்கு உள்ளது அந்த அரிய விகாரம் அன்று; ஊர் முழுக்க உள்ள இரண்டாம் வகை நீரிழிவுதான். அதற்குப் பின்னால் ஒற்றைப் பரம்பரையலகு இல்லை. தனித்தனியே சிறிதளவே செயற்படும் நூற்றுக்கணக்கான வேறுபாடுகள் உள்ளன. அவற்றில் சில பிறப்பு நிறையையும் தொடுகின்றன. ஏடிசிவை5 (ADCY5) என்ற பரம்பரையலகின் அருகிலுள்ள ஓர் எதிருரு, அதாவது ஒரு மாற்று வடிவம், நீரிழிவின் வாய்ப்பைக் கூட்டுகிறது. அதே எதிருருவின் ஒவ்வொரு பிரதியும் பிறப்பு நிறையை ஏறத்தாழ 30 கிராம் குறைக்கிறது. இரண்டு மேசைக்கரண்டி அரிசியின் பாரமளவுதான், ஆனால் இவ்வகையானவை பல சேர்கின்றன. 2016இல் மொமோகோ ஹொரிகோஷி முதலானோர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைக் கொண்டு பிறப்பு நிறையோடு தொடர்புடைய 60 இடங்களைப் பரம்பரைத் தொகுதியில் அடையாளம் கண்டார்கள். குழந்தையின் பொதுவான பரம்பரையலகு வேறுபாடுகள் பிறப்பு நிறையின் வேறுபாட்டில் ஏறத்தாழ 15 சதவீதத்தை விளக்குவதாகவும், நிறையைக் குறைக்கும் பரம்பரைப் போக்கும் உயர் குருதியமுக்கம், இரண்டாம் வகை நீரிழிவு, முடியுரு நாடி நோய் (இதயக் குருதிக்குழாய் நோய்) ஆகியவற்றின் பரம்பரைப் போக்கும் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படிவதாகவும் அவர்கள் காட்டினார்கள். தந்தைக்கு நீரிழிவு உள்ள குழந்தைகள் சராசரியில் சில பத்துக் கிராம் குறைவாகப் பிறப்பதும், தாய்க்கு நீரிழிவு உள்ளவை கூடிப் பிறப்பதும் பிரித்தானியாவின் பெருந்தரவுகளில் தெரிந்தது.

இதற்குள் இன்னொரு முடிச்சு உண்டு. தாய் தன் பரம்பரையலகுகளில் பாதியைப் பிள்ளைக்குக் கொடுக்கிறாள். அதோடு, பிள்ளைக்குக் கொடுக்காத மறுபாதியும் சேர்ந்தே அவளுடைய குருதியமுக்கத்தையும் சீனியையும் தீர்மானித்து, அவற்றின் வழியாகக் கருப்பைச் சூழலை ஆக்குகிறது. இந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பது? 2019இல் நிக்கோல் வொரிங்டன் முதலானோர், தம் சொந்தப் பிறப்பு நிறையைச் சொன்ன மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரையும், தம் பிள்ளைகளின் பிறப்பு நிறையைச் சொன்ன இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மாரையும் சேர்த்து ஆராய்ந்து, பிறப்பு நிறையோடு தொடர்புடைய 190 பரம்பரைச் சமிக்ஞைகளைக் கண்டு, எது சிசுவின் வழியாகச் செயற்படுகிறது, எது தாயின் வழியாகச் செயற்படுகிறது என்று பிரித்தார்கள். குருதியமுக்கத்தில் அவர்கள் கண்டது என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. குருதியமுக்கத்தைக் கூட்டும் எதிருருக்கள் தாயிடம் இருந்தால், கருப்பைச் சூழலின் வழியாகப் பிள்ளையின் நிறை குறைகிறது. அதே எதிருருக்களைப் பிள்ளையும் பெறுவதால் பிற்காலத்தில் அதன் குருதியமுக்கம் கூடுகிறது. இந்தப் பரம்பரைத் தொடர்பைக் கழித்துவிட்டுப் பார்த்தபோது, நிறை குறைந்து பிறந்ததே பிற்காலக் குருதியமுக்கத்துக்குக் காரணம் என்று சொல்ல அவர்களிடம் ஆதாரம் எஞ்சவில்லை. இவ்வாய்வுகளில் பங்குபற்றியோர் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதையும் சேர்த்தே இதை வாசிக்க வேண்டும்.

எங்கள் மட்டக்களப்புப் பகுதியில் குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியாக வருகிறது. கோயில் உரிமையென்றாலும் கலியாணப் பேச்சென்றாலும் முதலில் கேட்பது தாயின் குடியைத்தான். பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வதும் எங்கள் வழக்கம். என் கணவரும் அப்படி வந்தவரே. இந்த வழக்கம் எங்கள் பெண்களுக்குத் தந்திருக்கும் உறுதியை நான் பெருமையோடுதான் எண்ணுகிறேன். ஆனால் பிள்ளையின் உடம்பைப் பற்றிய எல்லாவற்றுக்கும் தாய்வீட்டையே பார்க்கும் கண்ணும் அதோடு வந்துவிட்டது. “தாயைப்போல பிள்ளை, நூலைப்போல சேலை” என்று சொல்லிச் சொல்லி, நூலில் ஒரு பாதி வேறு கைத்தறியிலிருந்து வந்தது என்பதை மறந்துபோகிறோம். கர்ப்ப காலத்தில் என் பெற்றோரின் நோய்களை நான் மனப்பாடமாகச் சொன்னேன். கணவரின் தகப்பனான மாமா நாற்பத்தைந்து வயதிலிருந்து சீனி வருத்தக்காரர் என்பதும், ஐம்பத்தெட்டில் மாரடைப்பால் இறந்தார் என்பதும் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தும், அது என் வயிற்றுப் பிள்ளைக்கும் உரிய செய்தி என்று எண்ணவே இல்லை.

இதை வைத்துக்கொண்டு கருப்பையின் பங்கை யாரும் தள்ளிவிடக் கூடாது. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பட்டினிக்குள் கருவுற்றிருந்த தாய்மாரின் பிள்ளைகள் பெரியவர்களானபோது அவர்களிடம் குளுக்கோசைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. அது பரம்பரையலகால் வந்ததன்று. தாயின் இரத்தசோகை, புகை, சிகிச்சையின்றி விட்ட உயர் குருதியமுக்கம் ஆகியவை இன்றும் எங்கள் வாழைச்சேனையிலும் பொத்துவிலிலும் குழந்தைகளின் நிறையைத் தின்கின்றன. அவற்றைத் தடுக்கத்தான் கிளினிக்குகள் இருக்கின்றன. நான் வேண்டுவது ஒன்றே ஒன்று. தாயை விசாரிக்கும் அதே வாயால் தந்தையின் குடும்பத்தையும் விசாரிக்க வேண்டும். விசாரிப்பது குற்றம் சாட்டுவதற்காக இருக்கக் கூடாது. பிள்ளைக்கு முன்கூட்டியே காவல் வைப்பதற்காக இருக்க வேண்டும்.

எங்களுக்கு இந்தக் காவல் ஏன் அவசரமானது என்பதைப் புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் செய்த ஆய்வுகள் தெளிவாக்கின. அங்கே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி நிறை ஏறத்தாழ 2.7 கிலோகிராம், சவுத்ஹாம்ப்டனில் 3.5. குறைந்த அந்த எட்டுநூறு கிராம் பெரும்பாலும் தசையிலும் வயிற்று உறுப்புகளிலும் குறைந்திருந்தது. தோலுக்கடியிலுள்ள கொழுப்பு அவ்வளவு குறையவில்லை. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பைக் காத்து வைத்திருக்கும் பிள்ளை. அதையொத்த உடலமைப்புத்தான் தென்னாசியரான எங்களுடையதும். இலங்கையின் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக அண்மைய தேசிய ஆய்வு சொல்கிறது. எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு ஒரு கிளினிக் கொப்பி இருப்பதை நான் கண்ணால் காண்கிறேன்.

அப்படியிருக்க, சிறிதாகப் பிறந்த பிள்ளையை நாம் என்ன செய்கிறோம்? கொழுகொழுவென்று ஆக்கத் துடிக்கிறோம். நானும் துடித்தேன். பால்மாவைக் கூட்டிக் கரைத்தேன், சோற்றில் நெய்யை ஊற்றினேன், யாராவது “இப்பதான் புள்ளை பார்க்க நல்லா இருக்கு” என்று சொன்ன நாளில் நிம்மதியாக உறங்கினேன். டெல்லியில் பிறப்பு முதல் தொடர்ந்து அளக்கப்பட்ட ஏறத்தாழ 1,500 பேரைப் பற்றி 2004இல் வெளியான ஆய்வில், இளவயதிலேயே நீரிழிவையோ அதன் முன்னிலையையோ அடைந்தவர்கள் குழந்தைப் பருவத்தில் மெலிந்திருந்து, இரண்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடையில் தம் வயதொத்தவர்களை முந்திக்கொண்டு பருத்தவர்கள். அவர்களில் பலர் பருமனானவர்களாகவும் இருக்கவில்லை. தம் சொந்தப் பாதையிலிருந்து மேலே ஏறியிருந்தார்கள், அவ்வளவே. முதல் இரண்டு ஆண்டுகளில் தாய்ப்பாலோடும் நல்ல உணவோடும் பிள்ளை வளர்வது தேவையானது. அதற்குப் பின் பதிவேட்டின் வளர்ச்சி வரைபடத்தில் கோடு விறுவிறுவென்று மேலேறுவதைக் கண்டு மகிழ்வதுதான் ஆபத்தானது. எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் இதைச் சொன்னபோது அவர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, மகளின் ஆறு வயதுப் புள்ளியையும் ஒன்பது வயதுப் புள்ளியையும் விரலால் தொட்டுக் காட்டி, “டீச்சர், கோடு ஏறுறதுக்கு எல்லாரும் சந்தோசப்படுவாங்க. இனி இதை இப்படியே நேராக் கொண்டுபோவம்” என்றார். வீட்டில் இனிப்புப் பானம் நின்றுவிட்டது. மாலையில் மகள் அண்ணனோடு கடற்கரைக்குப் போய் ஓடுகிறாள். பெரும்பாலான நாட்களில் தகப்பனும் கூடப் போகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை திருக்கோவிலுக்குப் போனபோது மாமியிடம், என் கணவர் பிறந்தபோது எவ்வளவு நிறை என்று கேட்டேன். அவர் வீட்டில் பிறந்தவர்; மருத்துவிச்சி வந்து பார்த்த பிரசவம், தராசு இல்லை. மாமி முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த சுளகை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, “இதுக்குள்ளதான் சீலை விரிச்சுக் கிடத்தினேன். அரைச் சுளகும் நிரம்பல்ல, மகள். அவர் ஊட்டுப் புள்ளைகள் எல்லாம் அப்படித்தான் பிறக்கும்” என்றார். அவர் ஊடு என்றது மாமாவின் பக்கத்தை. சற்று நேரம் புடைத்துக்கொண்டே இருந்தவர், பிறகு சுளகைக் கீழே வைத்துவிட்டு, அன்று பிள்ளையைத் தூக்கியபோது தான் சொன்னதை நினைவில் வைத்திருக்கிறேனா என்று என்னிடம் கேட்டார். இருக்கிறது மாமி என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரவு வீடு திரும்பி மகளின் பதிவேட்டை எடுத்து, 2,250 என்ற எண்ணுக்கு அருகில் இருந்த ஓரத்தில் எழுதி வைத்தேன்: தந்தைக்கு நீரிழிவு, 42 வயதில், தந்தையின் தந்தைக்கு நீரிழிவு, 45 வயதில், மாரடைப்பு 58இல், தந்தையும் சிறிதாகவே பிறந்தவர்.